ஒரே பெயரின் கீழ் பத்தொன்பது பேர்

பச்சை நிறத்தில் வரிசையாக இறங்கும் வரிகளுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு வரி. எங்கள் அணித் தலைவரான லீட் சாரை நினைத்தால் அவருடைய முகத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் வரிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. நாங்கள் எழுதும் கணினி நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குச் சின்னச் சின்னச் சோதனைகளை எழுதி வைப்போம். தினமும் காலையில் அவற்றை ஓட்டினால் தேறியது பச்சையாக வரும், தேறாதது சிவப்பாக வரும். மஞ்சள் வந்தால், இந்தச் சோதனையை ஓட்டவே வேண்டாம், தாண்டிப் போ என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சோதனையை எழுதியது நான். தாண்டச் சொன்னது அவர். தாண்டுவதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும் என்பது முறை. அவர் எழுதிய காரணம் மூன்றே சொல்: "இப்படி நடக்க வாய்ப்பில்லை." ஏழு மாதம் தினமும் காலையில் அந்த மூன்று சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் என் வேலையைத் தொடங்கினேன். அந்த ஏழு மாதத்துக்குள் திருக்கடையூரில் ஒரு பெண்ணின் மேல் துரோகி என்ற பட்டம் ஏறியது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் ஏழு பேர். மண்டபக்காரர்கள், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள், பந்தல் போடுபவர்கள் என்று சிறு தொழில்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்து, அதைப் பராமரிப்பதும் நாங்கள்தான். பூச்சிமருந்து வாடை மாடிப்படி ஏறி எங்கள் மேசை வரைக்கும் வரும். நான் குத்தாலத்துப் பக்கத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வருவேன். லீட் சாருடைய சொந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து நாலே கிலோமீட்டர். தாத்தா காலத்தில் பெரிய பண்ணை. அப்பா காலத்தில் நிலம் கைமாறிப் போய், பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். இவர் மட்டும் பெங்களூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முடியவில்லை என்று திரும்பி வந்தவர். அவரைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் நாலு மணிக்கு எல்லோருக்கும் காபி வரவழைப்பார், யாருக்குச் சர்க்கரை கூடாது என்பதுவரை நினைவில் வைத்திருப்பார். என் ரயில் தாமதமானால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னை வேலைக்கு எடுத்ததும் அவர்தான்.

அந்த நேர்காணலில் நிரல் பற்றி நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் பதில் சொன்னேன். ஐந்தாவதாக, "உங்க வீட்டுல வேற யாரும்மா படிச்சவங்க?" என்றார். "யாரும் பள்ளிக்கூடம் போனதில்ல சார். நான்தான் மொதல்ல" என்றேன். தலை நிமிர்ந்துதான் சொன்னேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததே இல்லை. அம்மா நடவுக்குப் போய்க்கொண்டே என்னைப் படிக்கவைத்தாள் என்பதை எந்த மேடையிலும் சொல்லுவேன். ஆனால் நான் சொன்ன அந்த வரியை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். அலுவலகத்துக்கு யார் வந்தாலும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இந்தப் பொண்ணு வீட்டுல இவதான் மொதல்ல பள்ளிக்கூடம் போனவ. அப்பா கைநாட்டு. நம்ம பக்கத்து ஊருதான், நாமதான் கை தூக்கிவிட்டோம்" என்பார். வந்தவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

இணையதளப் பெயர் என்பது பார்வைக்குப் புள்ளி வைத்துப் பிரித்த சில சொற்கள். நான் சேர்ந்தபோது எங்கள் நிரல்களில் அதை வெறும் எழுத்துக் கோவையாகத்தான் வைத்திருந்தார்கள். ஆளாளுக்குத் தோன்றிய இடத்தில் வெட்டுவார்கள், தோன்றிய இடத்தில் ஒட்டுவார்கள். ஒருவர் பெரிய எழுத்தில் அடித்திருப்பார், இன்னொருவர் கடைசியில் ஒரு புள்ளி சேர்த்திருப்பார், இரண்டும் ஒரே தளம்தான் என்று நிரலுக்குத் தெரியாது. ஒரே கோளாறை நாலு இடத்தில் சரிசெய்து அலுத்துப்போய், பெயரையே ஓர் ஆப்ஜெக்டாகச் செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பெயரை ஆளாளுக்கு வெட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தப் பெயரிடமே கேள்வி கேட்பது. உன் தாய்ப் பெயர் எது? உன் கீழே இருப்பது யார்? நீயும் இந்தப் பெயரும் ஒன்றா? பதில் சொல்லும் அறிவை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் மற்ற எல்லா நிரல்களும் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். அப்படி எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதி வைப்பதை நாங்கள் லைப்ரரி என்போம்.

மூன்று வாரத்தில் எழுதி முடித்தேன். இந்தப் பெயர்களை இடமிருந்து வலமாகப் படிக்கிறோமே தவிர, வம்சம் வலக்கோடியிலிருந்துதான் தொடங்குகிறது; கடைசியில் நிற்பது மூத்தது, முன்னால் நிற்பது கடைக்குட்டி. அந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறவும் இறங்கவும் என் ஆப்ஜெக்டுக்குத் தெரியும். விதிக்கு ஒவ்வாத பெயரைக் கொடுத்தால் அது பிறக்கவே மறுத்துவிடும். எங்கள் அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வேலை அட்டையில் இன்னொரு விதம். ஒவ்வொரு ஆபீஸிலும், "மூணும் நான்தான்" என்று அவர் நிரூபித்துக்கொண்டே இருந்தார். நான் செய்த பெயர் எந்தக் கதவில் போய் நின்றாலும் ஒரே பெயராக நின்றது. ரயிலில் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்திருக்கிறேன். அப்படியொரு பெருமை எனக்கு.

அதில் ஒரே ஒரு கேள்விக்கான பதிலை மட்டும் லீட் சார் எழுதினார். உன் உரிமையாளர் யார்? அவர் எழுதிய விதி எளிது: புள்ளி வைத்துப் பிரித்த பெயரில் கடைசி இரண்டு துண்டை எடுத்துக்கொள், அதுதான் உரிமையாளர். அப்போதைக்கு அது சரிதான். ஒரு மண்டபக்காரர் தனக்கென்று ஒரு பெயர் வாங்கியிருப்பார். அதற்குக் கீழே படங்களுக்கு ஒரு பக்கம், முன்பதிவுக்கு ஒரு பக்கம் என்று இருக்கும். ஒருமுறை கடவுச்சொல் போட்டு நுழைந்தால் அவருடைய எல்லாப் பக்கமும் திறக்க வேண்டும். உள்ளே வந்தவருடைய தளத்தின் உரிமையாளரும் அவர் கேட்கும் பக்கத்தின் உரிமையாளரும் ஒன்றாக இருந்தால் நிரல் கதவைத் திறக்கும். அவ்வளவுதான்.

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். சிறிய வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாகப் பெயர் வாங்கி வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டிருப்பது தொல்லை. கம்பெனியே ஒரு பொதுப் பெயர் வாங்கி, அதற்குக் கீழே ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிடலாம். அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் ஏற்பாடு செய்து தருகிற திருக்கடையூர்க்காரர்கள்தான் அதில் அதிகம். மொத்தம் பத்தொன்பது பேர். அன்று சாயங்காலம் ரயிலில் வரும்போதே எனக்கு உறைத்துவிட்டது. எங்கள் தெரு முழுக்கக் கோயில் மனை. மண் கோயிலுடையது, அதன் மேல் கட்டியிருக்கும் வீடு அவரவருடையது. ஒரே கோயிலின் மண்ணில் குடியிருக்கிறோம் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் அடுப்படிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்க்க மாட்டார். லீட் சாரின் விதிக்கு அது தெரியாது. கடைசி இரண்டு துண்டு எங்கள் பொதுப் பெயர்; ஆகையால் பத்தொன்பது பேருக்கும் உரிமையாளர் ஒருவரே என்று அது சொல்லும். ஒருவர் நுழைந்தால் பத்தொன்பது கதவும் திறக்கும்.

மறுநாள் ஒரு சோதனை எழுதினேன். மண்டபக்காரர் ஒருவரின் பெயர், சமையல்காரர் ஒருவரின் பெயர், இரண்டும் பொதுப் பெயருக்குக் கீழே. உரிமையாளர் வேறு வேறு என்று பதில் வர வேண்டும். ஓட்டினேன், சிவப்பு. தீர்வும் கையில் இருந்தது. எந்தெந்தப் பெயர்களுக்குக் கீழே இருப்பவர்கள் வேறு வேறு ஆட்கள் என்று உலகம் முழுக்க நிரல் எழுதுபவர்கள் சேர்ந்து ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பதில் சொல்லும்படி மாற்றி, எங்கள் பொதுப் பெயரையும் அதில் ஒன்றாக எண்ணிக்கொண்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை.

இந்த இடத்தில் எங்கள் அலுவலகத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் எழுதிய நிரலில் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டோம். அதைப் பார்வையிட்டுக் கருத்து எழுதும் பக்கத்தில், "சார், ஒரு சின்ன டவுட்" என்று தொடங்குவோம். கண் முன்னால் கிணறு இருந்தாலும், இங்கே கிணறு இருக்கிற மாதிரி தெரிகிறதே, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்று கேட்போம். யாரும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. வந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் தானாக வந்துவிடும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிசைனர் அக்கா ஒருமுறை என் கருத்தைப் படித்துவிட்டு, "ஏய், இதப் படிச்சா சார் தப்பு பண்ணின மாதிரி தெரியலடி. நீ பத்தாங்கிளாஸ்ல ஃபெயிலான மாதிரி தெரியுது" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கை.

நான் எழுதினேன்: "சார், ஒரு சின்ன டவுட். பொதுப் பேருக்குக் கீழ வர்றவங்க எல்லாரும் ஒரே ஓனர்னு வருது. அது பரவாயில்லையா சார்?" அவர் பதில் எழுதவில்லை, எழுந்து என் மேசைக்கே வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். "எல்லாம் நம்ம பேருக்குக் கீழதானம்மா இருக்கு. அப்ப நம்மதுதான். யாரு போயி இன்னொருத்தர் கதவத் திறந்து பாக்கப் போறாங்க? எங்க தெருவுல ஒரு காலத்துல எந்த வீட்டுக் கதவும் சாத்தினதே கிடையாது, தெரியுமா? தாத்தா எந்த வீட்டுக்குள்ளயும் போவாரு, வருவாரு. ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல. அப்படி ஒரு நம்பிக்கை" என்றார். கேட்டதில்லை என்றா சொன்னார்! கேட்க முடிந்திருக்குமா என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியிருக்காது. அந்தக் கதையை அந்த வீடுகளுக்குள் இருந்தவர்கள் சொல்லியிருந்தால் அது வேறு கதை. என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் குனிந்து என் விசைப்பலகையிலேயே அந்த மூன்று சொல்லை அடித்து, சோதனையை மஞ்சளாக்கிவிட்டு நிமிர்ந்தார். "டவுட் கிளியர்?" என்றார். "கிளியர் சார்" என்றேன். அதைக் கருத்துப் பக்கத்தில் எழுதி முடித்து வைக்கவும் சொன்னார். எழுதினேன். என் பெயர், என் எழுத்து: "கிளியர் சார்."

வாடிக்கையாளர்களின் போனை எடுப்பதும் என் வேலைதான். ஐப்பசியில் திருக்கடையூர்ச் சமையல் அம்மா முதல்முறை கூப்பிட்டார். பத்தொன்பது பேரில் ஒருவர். ஆறேழு பெண்களை வைத்துக்கொண்டு அறுபதாம் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துபவர். வெளியூர்க் குடும்பங்கள் அவருடைய தளத்தில்தான் நாள், நட்சத்திரம், எத்தனை இலை, போன் நம்பர் எல்லாம் பதிவார்கள். "பொண்ணே, எங்க விவரம் எப்படியோ வெளிய போவுது. பதிஞ்ச குடும்பத்துக்கு எவனோ போன் பண்ணி, அந்தம்மாவுக்கு உடம்பு முடியல, நாங்க பாத்துக்கறோம்னு சொல்றானாம். அந்த பாஸ்வேர்ட மாத்திக் குடு" என்றார். மாற்றிக் கொடுத்தேன். கார்த்திகையில் மறுபடியும் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தத் தடவ எங்க நாத்தனாருக்குத் தெரியாம மாத்தும்மா. பதிவையெல்லாம் அவதான் பாக்கறா. வேற யாருக்குத் தெரியும் சொல்லு" என்றார். மாற்றிக் கொடுத்தேன். மார்கழிக் கடைசியில் மூன்றாவது முறை. "அவள வெளிய அனுப்பிட்டேன். கூடப் பொறந்தவளாட்டம் வச்சிருந்தேன், இருபது வருஷமா ஒரே அடுப்பு. அப்பவும் போவுதே. எங்கயாவது எழுதி வச்சிருப்பா. மாத்திக் குடு" என்று அழுதார். அப்போதும் மாற்றிக் கொடுத்தேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு அந்த மஞ்சள் வரி ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பொய். முதல் போனிலேயே ஞாபகம் வந்துவிட்டது. அப்படி இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லீட் சாரின் மூன்று சொல் எனக்கும் வசதியாக இருந்தது. அன்றைக்குத்தான் யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற பதிவேட்டைத் தோண்டினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே ஊர் மண்டபக்காரர் ஒருவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே வந்திருக்கிறார். வந்த கையோடு சமையல் அம்மாவின் முகவரியை அடித்து முன்பதிவுப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை, ஐப்பசியிலிருந்து. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. நாங்கள் திறந்துவிட்ட கதவு.

லீட் சாரிடம் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டியா? சூப்பர். இன்னிக்கே சரி பண்ணிடு" என்றார். மத்தியானத்துக்குள் சரிசெய்தேன். என் சோதனை பச்சையானது. பிறகு அவர் மேசைக்குப் போய், "கஸ்டமருங்ககிட்ட எப்ப சொல்றோம் சார்?" என்று கேட்டேன்.

"என்ன சொல்றது?"

"நம்ம தப்பால அவங்க விவரத்த இன்னொருத்தர் பாத்திருக்காருன்னு. அந்தம்மா அவங்க நாத்தனார சந்தேகப்பட்டு வெளிய அனுப்பிட்டாங்க சார்."

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "அது அவங்க குடும்பச் சண்டைம்மா. நாத்தனாரும் அண்ணியும் சண்ட போட்டுக்கறதுக்கு நம்ம சாஃப்ட்வேரா வேணும்? சர்வர் பராமரிப்பு முடிஞ்சதுன்னு எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டு விடு."

"உண்மையச் சொல்லணும் சார்."

அவர் குரல் உயரவில்லை. திரையை என் பக்கம் திருப்பி, அந்தப் பழைய கருத்துப் பக்கத்தைத் திறந்தார். நான் டவுட் கேட்டது இருந்தது. அவர் மேசைக்கு வந்து வாயால் சொன்னது எதுவும் அதில் இல்லை. அடுத்த வரி, "கிளியர் சார்." சோதனை மஞ்சளானதும் என் கணினியிலிருந்து, என் பெயரில். "வெளிய போச்சுன்னா மொதல்ல இதத்தான் கேப்பாங்க. நீதான் பாத்த, நீதான் ஓகே பண்ணின, நீதான் சோதனையத் தாண்டின. உங்க வீட்டுல நீதான மொதல்ல? நீ வளர வேண்டிய பொண்ணு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். பிறகு மணி நாலு என்று எழுந்துபோய், காபிக்குச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சர்க்கரை கம்மி என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். பாதிதான் புரிந்தது. "அவங்க வீட்டுச் சண்டைக்கு நீ ஏன்டி வேலைய விடணும்?" என்றாள். லீட் சார் சொன்ன அதே சொல். ஆனால் அம்மா பயத்தில் சொன்னாள், வயலில் நாள் முழுக்கக் குனிந்து நின்ற இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் காபி குடித்துக்கொண்டு சொன்னார். என் அம்மாவின் பயத்தை எடுத்து என் கழுத்தில் கயிறாகப் போட்டார் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். முதலில் பள்ளிக்கூடம் போனவள் என்று என் முதுகுக்குப் பின்னால் நின்று பெருமையடித்தவர், அதே முதல் என்பதைக் காட்டித்தான் என்னை மிரட்டினார்.

நடந்ததன் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை, சமையல் அம்மாவைத் தவிர மற்ற பதினெட்டுப் பேருக்கும் நடந்ததை எழுதி என் பெயரிலேயே அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் எனக்கு அங்கே வேலை இல்லை. நாலு மாதம் வீட்டில் இருந்தேன், அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை, பிறகு சென்னையில் ஒரு வேலை கிடைத்தது. லீட் சாருக்கு எதுவும் ஆகவில்லை. அவர் அங்கேயேதான் இருக்கிறார், அந்த லைப்ரரியும் அங்கேயேதான் இருக்கிறது, அதை எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருப்பதாக டிசைனர் அக்கா சொன்னார். போகட்டும். இப்போது எனக்குக் கீழே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். புதிதாக வந்தவள் போன மாதம், "அக்கா, ஒரு சின்ன டவுட்" என்று எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தேன், நான் எழுதியதில் பச்சையான தப்பு. அவளைக் கூப்பிட்டு, தப்பு என்று எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவள் மிரண்டு போனாள். இரண்டு முறை அடித்து அடித்து அழித்தாள். அந்தச் சொல் அவள் விரலுக்கு வரவேயில்லை. எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. மற்றவர்களுக்குக் கடிதம் போதும், சமையல் அம்மாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று மாயவரம் போய் பஸ் பிடித்தேன். தை பிறந்துவிட்டது, முகூர்த்த நாள். மாலையும் கழுத்துமாக அறுபது வயது மாப்பிள்ளைகளும் கூச்சப்பட்டுக்கொண்டே நடக்கும் பெண்களும் சன்னதித் தெருவை அடைத்திருந்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் கடைசிப் பந்தி முடிந்து அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் குரலைக் கேட்டதுமே சமையல் அம்மா திரும்பினார். "அட, போன்ல பேசற பொண்ணா? இவ்ளோண்டு இருக்க! சாப்டியா மொதல்ல?" என்றார்.

சாப்பிடவில்லை. நின்றபடியே சொன்னேன். உங்கள் பூட்டும் மண்டபக்காரர் பூட்டும் ஒரே சாவிக்குத் திறக்கிற மாதிரி நாங்கள் செய்துவிட்டோம், விவரம் அந்த வழியாகத்தான் போயிற்று, கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் போயிருக்கும், உங்கள் நாத்தனாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. "மூணு தடவ மாத்திக் குடுத்தியே. அப்பல்லாம் வாயில என்னத்த வச்சிருந்த?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வா. நீயே வந்து அவகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

இரண்டு தெரு தள்ளி ஓர் ஓட்டு வீடு. உள்ளே நாத்தனார் தையல் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். சமையல் அம்மா என்னை உள்ளே தள்ளிவிட்டு, தான் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். எங்களைப் பார்த்தும் நாத்தனாரின் கால் நிற்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எங்கோ மெஷின் நின்றுவிட்டது, நான் கவனிக்காமல் கத்திக்கொண்டிருந்தேன்.

"இப்படி ஆவும்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். திட்டவில்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர், மரியாதையோடுதான் கேட்டார்.

மண்டபக்காரர் நுழைந்தது எனக்குத் தெரிந்தது அந்த வாரம்தான். அதைச் சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை. லீட் சார் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார், சிரித்துக்கொண்டே.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தெரியும்க்கா" என்றேன்.

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"எங்க சார்கிட்ட தப்புன்னு சொல்லலக்கா. சரியான்னு கேட்டேன்."

அவர் கையிலிருந்த துணியை மடித்து மெஷின் மேல் வைத்தார். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"நீ என்கிட்ட அதக்கூடக் கேக்கலையே, அண்ணி."

சமையல் அம்மா படியில் ஒரு காலை வைத்திருந்தார். இரண்டாவது காலை எடுத்து வைக்க அவரால் முடியவில்லை.